ஸ்போர்ட் ரிம் மாற்றப் போகிறீர்களா? டயர் உரசாமல் பொருந்த இந்த எண்களைப் பாருங்கள்

தெலுக் இந்தான் வட்டாரத்தில் வேலைக்குச் சேர்ந்து கார் வாங்கிய நம் இளைஞர்கள் பலர், அடுத்ததாகச் செலவழிப்பது ரிம்முக்குத்தான். கடையில் நான்கு ரிம்மையும் மாட்டி ஜேக்கிலிருந்து இறக்கியதும் கார் அழகாகத்தான் நிற்கிறது. தனியாக வீட்டுக்கு ஓட்டிப் போகும்போதும் ஒரு சத்தமும் இல்லை. வார இறுதியில் அப்பா, அம்மா, தங்கை, பாட்டி எல்லாரும் ஏறி, பின்னால் சாமான்களையும் அடுக்கிக்கொண்டு பீடோர் சாலையில் போகும்போதுதான், ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் 'கர்ர்' என்று கேட்கிறது.

அது டயரின் தோள்பட்டை, மட்கார்டின் இரும்பு விளிம்பில் உரசும் சத்தம். பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கீறல் மரத்தை ஒன்றும் செய்யாது. தினமும் அதே இடத்தில் ஆழமாக விழுந்தால் பட்டை தங்காது. டயரும் அப்படித்தான். உரசி உரசி ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் அடுக்கு வெளியே வந்துவிட்டால், அடுத்து அது வெடிப்பதுதான். அதுவும் கார் காலியாக நிற்கும்போது வெடிக்காது. ஆள் நிறைய ஏறி, வேகமாக ஓடி, டயர் சூடாகியிருக்கும்போதுதான் வெடிக்கும்.

ரிம் பொருந்துமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ரிம்மின் பின்புறத்திலும் டயரின் பக்கவாட்டிலும் அச்சிட்டிருக்கும் எண்கள்தான் சொல்லும். அவற்றைப் படிக்கும் முறையையும், மாட்டிய பிறகு சோதிக்கும் முறையையும் இங்கே பார்ப்போம்.

நம் சாலைக்கு ஏன் கூடுதல் கவனம்?

1885-இல் கட்டப்பட்ட நம் ஊர்க் கோபுரம் சாய்ந்து நிற்பதற்குக் காரணம், அடியில் உள்ள இளகிய மண். அதே தன்மையுள்ள மண்ணில்தான் இந்த வட்டாரத்தின் பல சாலைகளும் ஓடுகின்றன. இளகிய மண்ணில் பாலம் அப்படியே நிற்கும். பாலத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சாலை மெல்லத் தாழ்ந்துவிடும். அந்த இடத்தில் கார் ஒரு குதி குதித்து அமுங்கும். செம்பனை ஏற்றிய லோரிகள் ஓடும் சாலைகளில் அலை அலையான பள்ளங்களும் உண்டு. தோட்டத்துக்குள் போனால் செம்மண்ணும் சரளைக் கல்லும்தான்.

அதாவது, இங்கே காரின் ஸ்பிரிங் அடிக்கடி முழு அளவு அமுங்குகிறது. சமமான நகரச் சாலையில் உரசாத ரிம் இங்கே உரசலாம். கோலாலம்பூர் நண்பரின் காரில் பொருந்தியது என்பதற்காக அதே அளவை வாங்கிவிடாதீர்கள்.

முதல் எண்: பிசிடி

ரிம்மில் எத்தனை நட்டு ஓட்டை, அவை எவ்வளவு அகலமான வட்டத்தில் அமைந்துள்ளன என்பதே பிசிடி. நான்கு ஓட்டை ரிம் என்றால், எதிரெதிராக உள்ள இரு ஓட்டைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்தால் கிடைப்பதுதான் அந்த எண். மைவி, வீரா போன்ற கார்களுக்கு 4 ஓட்டை, 100 மில்லிமீட்டர். பழைய இஸ்வாராவுக்கு 4 ஓட்டை, 114.3. கஞ்சில் வைத்திருந்தவர்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும்: அதற்கு 110. அதனால்தான் மற்ற சிறிய கார்களின் ரிம் கஞ்சிலுக்கு ஏறவே ஏறாது.

எட்டு ஓட்டை உள்ள ரிம்கள் 100, 114.3 என இரண்டு அளவுக்கும் ஏற்றபடி செய்யப்பட்டவை. அவற்றில் தவறில்லை. தவறு எங்கே நடக்கிறது என்றால், ஐந்து ஓட்டை ரிம்மில் 112, 114.3 ஆகிய இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நட்டை இறுக்கினால் ஏறிவிட்டது போலவும் தோன்றும். உண்மையில் போல்ட் வளைந்து இழுபட்டு நிற்கும். அப்படி ஓட்டினால் நட்டு தளரும், போல்ட் முறியும். "கொஞ்சம்தான் வித்தியாசம், இறுக்கிவிடலாம்" என்று யார் சொன்னாலும் அந்த ரிம்மை விட்டுவிடுங்கள்.

நடு ஓட்டையும் வளையமும்

ரிம்மின் நடுவில் உள்ள பெரிய ஓட்டை, காரின் ஹப் மீது உட்கார வேண்டும். மைவியின் ஹப் 54.1 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் ரிம்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் 67.1, 73.1 என்று பெரிய ஓட்டையோடு வருகின்றன. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் போட வேண்டும். விலை குறைவு, ஆனால் பலர் அதைக் கேட்டு வாங்குவதில்லை. பேலன்சிங் செய்தும் 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீரிங் நடுங்கினால், முதலில் இந்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

டயரின் உயரம்: கணக்கு எளிது

டயரில் 175/65 ஆர்14 என்று இருந்தால், 175 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பக்கச் சுவர் 175-இல் 65 விழுக்காடு, அதாவது 113.75 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரண்டு சுவர்கள் என்பதால் 227.5. அதோடு 14 அங்குல ரிம்மின் 355.6-ஐக் கூட்டினால் மொத்த உயரம் 583.1 மில்லிமீட்டர்.

ரிம் பெரிதாகும்போது பக்கச் சுவர் சிறிதாக வேண்டும். மொத்த உயரம் ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். ஒரிஜினல் அளவிலிருந்து 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. உயரம் கூடும் பக்கம் 1 விழுக்காட்டுக்குள் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

2017 நவம்பரில் வந்த மைவியில் 1.3 ரகத்துக்கு 175/65 ஆர்14, 1.5 ரகத்துக்கு 185/55 ஆர்15 கொடுத்தார்கள். அதை வைத்துப் பார்ப்போம்:

- 175/65 ஆர்14: 583.1 மி.மீ.
- 185/55 ஆர்15: 584.5 மி.மீ. ஏறக்குறைய அதே உயரம்.
- 195/50 ஆர்15: 576.0 மி.மீ. சற்றுக் குறைவு; வரம்புக்குள்.
- 195/45 ஆர்16: 581.9 மி.மீ. பொருத்தம்.
- 195/40 ஆர்17: 587.8 மி.மீ. உயரம் சரி, பக்கச் சுவர் 78 மி.மீ. மட்டுமே.
- 195/55 ஆர்15: 595.5 மி.மீ. சுற்றிலும் 6 மி.மீ. பெரிது. ஆள் ஏறினால் உரச வாய்ப்பு உண்டு.
- 195/60 ஆர்15: 615.0 மி.மீ. 5.5 விழுக்காடு அதிகம். வேண்டவே வேண்டாம்.

கடைசி இரண்டும்தான் பெரிய கார்களிலிருந்து கழற்றி மலிவாகக் கைமாறும் அளவுகள். "15 அங்குலம்தானே, 15-க்கு 15 சரிதானே" என்று வாங்கிவிடுகிறார்கள். 15 என்பது ரிம்முக்குத்தான். டயரின் உயரத்துக்கு அல்ல.

உரசலைத் தவிர இன்னொரு கேடும் உண்டு. 195/60 ஆர்15 போட்ட மைவியில் மீட்டர் 100 என்று காட்டும் அளவுக்குச் சக்கரம் சுற்றும்போது, பழைய டயரில் 100 ஓடும் கார் இப்போது 105.5 ஓடும்.

ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும்: உரசலின் மூல காரணம்

உயரம் சரியாக இருந்தும் உரசுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் ஆஃப்செட். ரிம்மின் அகலத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோட்டிலிருந்து, ஹப் மீது ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே அது. ரிம்மின் பின்புறம் 'ஈடி 45' அல்லது '+45' என்று அச்சிட்டிருக்கும். எண் குறையக் குறைய டயர் வெளியே வரும். எண் கூடக் கூட உள்ளே போகும்.

இதற்கும் கணக்கு உண்டு. உதாரணத்துக்கு, பழைய ரிம் அகலம் 5.5 அங்குலம், ஆஃப்செட் 45. வாங்கப் போவது 6.5 அங்குலம், ஆஃப்செட் 35 என்று வையுங்கள். அகலம் ஓர் அங்குலம் கூடுகிறது, அதாவது 25.4 மில்லிமீட்டர். அதில் பாதி, 12.7, வெளிப்பக்கம்; பாதி உள்பக்கம். ஆஃப்செட் 10 குறைந்ததால் முழுச் சக்கரமும் 10 மில்லிமீட்டர் வெளியே நகர்கிறது. ஆக வெளிப்பக்கம் 22.7 மி.மீ. நீட்டும், உள்பக்கம் 2.7 மி.மீ. மட்டும் நெருங்கும். இதே ரிம் ஆஃப்செட் 45 ஆக இருந்தால் இரு பக்கமும் 12.7 தான்.

இப்போது உங்கள் காரில் இடம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். ஒரு நூலில் நட்டைக் கட்டி, சக்கரத்துக்கு நேர் மேலே மட்கார்டின் விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். நூலுக்கும் பழைய டயரின் தோள்பட்டைக்கும் உள்ள இடைவெளிதான் வெளிப்பக்க இடம். உள்பக்கத்தில் டயருக்கும் அப்சோர்பருக்கும் இடையே கையை விட்டு, மிகக் குறுகிய இடத்தை அளந்துகொள்ளுங்கள். முன், பின் இரண்டையும் அளக்க வேண்டும். கணக்கில் வரும் மாற்றத்தைக் கழித்த பிறகும் உள்ளே 5 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். வெளியே மிச்சமே இல்லை என்றால் அந்த ரிம் உங்கள் காருக்கு இல்லை. புது டயர் பழையதைவிட அகலமாக இருந்தால் அந்த வித்தியாசத்தில் பாதியையும் ஒவ்வொரு பக்கமும் கழித்துக்கொள்ளுங்கள்.

டயரின் அகலமும் ரிம்மின் அகலமும் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். 185/55 ஆர்15 டயருக்கு 5 முதல் 6.5 அங்குல ரிம், 195/50 ஆர்15-க்கு 5.5 முதல் 7, 195/45 ஆர்16-க்கு 6 முதல் 7.5 அங்குலம். அழகுக்காகக் குறுகிய டயரை அகல ரிம்மில் இழுத்து மாட்டுவதை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். பள்ளத்தில் விழும்போது அந்த டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடக்கூடும்; ரிம்மின் விளிம்புக்கும் பாதுகாப்பே இல்லை.

குடும்பத்தைச் சுமக்குமா?

டயரின் அளவுக்குப் பிறகு 82எச், 80வி என்று ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் சுமையைச் சொல்கிறது. எழுத்து வேகத்தைச் சொல்கிறது. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 80 என்றால் 450 கிலோ. 84 என்றால் 500 கிலோ.

195/45 ஆர்16 டயர் 80 எண்ணிலும் கிடைக்கும், எக்ஸ்எல் எனப்படும் கூடுதல் பலமுள்ள 84 எண்ணிலும் கிடைக்கும். ஒரிஜினல் டயர் 82 ஆக இருக்கும்போது 80 வாங்கினால் டயருக்கு 25 கிலோ, நான்குக்கும் சேர்த்து 100 கிலோ தாங்கும் திறன் குறைகிறது. தீபாவளிக்கு ஐந்து பேரும் பலகாரத் தூக்குகளுமாகப் போகும் காரில் அந்த 100 கிலோ பெரிய விஷயம். ஒரிஜினல் எண்ணுக்குக் குறையாமல் வாங்குங்கள். எக்ஸ்எல் டயருக்குக் காற்று கொஞ்சம் கூடுதலாக அடிக்க வேண்டும் என்பதையும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்று குறைந்தாலும் பக்கச் சுவர் பிதுங்கி உரசும். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் காற்றின் அளவு இருக்கும். முழு ஆள் ஏறும்போது எவ்வளவு என்பதும் அங்கேயே இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

எங்கே உரசும், எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்சக்கரம் பெரும்பாலும் ஸ்டீரிங்கை முழுமையாகத் திருப்பும்போது மட்கார்டின் உள்ளே உள்ள பிளாஸ்டிக் மறைப்பில் உரசும். ஆஃப்செட் கூடினால் அப்சோர்பரில் உரசும். பின்சக்கரம் சுமை ஏறும்போது மட்கார்டின் உள்விளிம்பில் உரசும். ஆகவே கடையை விட்டுக் கிளம்பும் முன்பே இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்:

1. சக்கரத்தை ஜேக்கில் தூக்கிக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பிரேக் பாகத்தில் ரிம் தொடக் கூடாது.
2. கீழே இறக்கி, ஸ்டீரிங்கை இடது கோடி, வலது கோடி வரை திருப்பி, முன்னும் பின்னுமாக மெதுவாக ஓட்டுங்கள்.
3. டயரின் தோள்பட்டையைச் சுற்றி வெள்ளைச் சாக்கட்டியால் தடவுங்கள். பின்சீட்டில் மூன்று பெரியவர்களை உட்கார வைத்து, வேகத்தடை மீது மெதுவாகவும், பிறகு சற்று வேகமாகவும் ஏறி இறங்குங்கள். சாக்கு அழிந்த இடம்தான் உரசும் இடம்.
4. ஒரு பக்க முன்சக்கரத்தை மட்டும் மேடான இடத்தில் ஏற்றி நிறுத்தி, நான்கு மூலையிலும் விரலை விட்டு இடைவெளி பாருங்கள்.

மூன்றாவது சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை. "அண்ணே, இது உரசாதா?" என்று கேட்டால் "உரசாது தம்பி" என்று சொல்லும் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது காலி கார். பணம் கட்டும் முன்பே, ஆள் ஏற்றிப் பார்த்து உரசினால் மாற்றித் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே ரிம் மாற்றியவர்கள் இன்றைக்கே டயரின் தோள்பட்டையைத் தடவிப் பாருங்கள். ஒரே கோட்டில் பளபளப்பான வளையம், மட்கார்டின் உள்ளே கறுப்புத் தீற்றல், ஓட்டிய பிறகு ரப்பர் கருகும் வாடை இவை எல்லாம் உரசலின் அடையாளங்கள். நூல் வெளியே தெரிந்தால் அந்த டயரில் இனி ஓடக் கூடாது.

உரசினால் என்ன செய்யலாம்?

முதல் தீர்வு, சரியான டயர் அளவுக்குத் திரும்புவது. பிளாஸ்டிக் மறைப்பில் மட்டும் லேசாகத் தொட்டால், அதன் கிளிப்பைச் சரிசெய்து இறுக்கினாலே போதும். மட்கார்டின் உள்விளிம்பை மடக்கிவிடும் வேலையைப் பட்டறையில் செய்வார்கள். பெயின்ட் வெடித்தால் நம் ஊர் ஈரத்துக்குத் துரு பிடிக்கும் என்பதால், சூடு காட்டி மடக்கி, மேலே பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். கார் பழையதாகி ஸ்பிரிங் தொய்ந்திருந்தால், அதை மாற்றினாலே உரசல் நிற்கலாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை அறுக்காதீர்கள். காற்றை அளவுக்கு மீறி அடித்து உரசலை மறைக்காதீர்கள். உள்பக்க உரசலுக்கு ஸ்பேசர் போட்டால் போல்ட்டில் நட்டு ஏறும் நீளம் குறையும். சிறிய கார்களின் 12 மி.மீ. போல்ட்டில் நட்டு ஏறக்குறைய எட்டுச் சுற்று ஏற வேண்டும். ஐந்தாறு சுற்றிலேயே நின்றுவிட்டால் அது ஆபத்து.

நட்டு, பழைய ரிம், உபரி டயர்

ஒரிஜினல் நட்டு எல்லா ரிம்முக்கும் பொருந்தாது. ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டின் அடிப்பகுதி உருண்டை. கடை ரிம்களில் பெரும்பாலும் கூம்பு. மாறிப் போட்டால் இறுக்கியது போலத் தெரிந்து, பிறகு தளரும். ரிம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்ப்பது கட்டாயம். உபரி டயர் பழைய இரும்பு ரிம் என்றால், பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு அதோடு வைத்திருங்கள். நடுராத்திரியில் ஊத்தான் மெலிந்தாங் சாலையில் அவை தேவைப்படலாம்.

பயன்படுத்திய ரிம் வாங்கினால், பின்புறத்தில் வெடிப்போ வெல்டிங் தழும்போ இருக்கிறதா என்று பார்த்து, பேலன்சிங் இயந்திரத்தில் சுற்றவிட்டு ஆட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஜேடபிள்யூஎல் முத்திரை ஜப்பானியத் தரத்தைக் குறிக்கும். முத்திரையே இல்லாத, பெயரே இல்லாத ரிம்மைத் தவிர்ப்பது நல்லது. டயரில் தயாரிப்பு நாளை நான்கு எண்ணில் அச்சிட்டிருப்பார்கள். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

சட்டமும் காப்புறுதியும்

ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் சோதனையில் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயருக்குச் சம்மன் வரும். டயரின் கோட்டு ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கோடுகளுக்கு நடுவே இருக்கும் சிறு மேடும் டயரும் சமமாகிவிட்டால், அந்த வரம்பு வந்துவிட்டது என்று பொருள். ரிம், டயர் அளவை மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவித்து வைத்தால், பின்னால் இழப்பீடு கேட்கும்போது வீண் பேச்சு வராது.

எதை வாங்கலாம்?

தோட்டத்தில் குடியிருந்து செம்மண் சாலையில் தினமும் ஓடுகிறவர்களுக்கு 15 அங்குலத்தோடு நிற்பதே நல்லது. 14 அங்குலத்தில் 114 மில்லிமீட்டராக இருந்த பக்கச் சுவர் 17 அங்குலத்துக்குப் போனால் 78 ஆகிவிடுகிறது. பள்ளத்தில் விழும் அடியை முதலில் வாங்குவது அந்தச் சுவர்தான். அது குறைந்தால் அடி நேராக ரிம்முக்கும் அப்சோர்பருக்கும் போகிறது. நகரத்தில் ஓடுகிறவர்கள் 16 அங்குலம் வரை, எக்ஸ்எல் டயரோடு போகலாம்.

கடைக்குப் போகும் முன் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பிசிடி, நடு ஓட்டை, பழைய ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும், ஒரிஜினல் டயர் அளவும் சுமை எண்ணும், நூல் கட்டி அளந்த இடைவெளி. வாங்கப் போகும் ரிம்மின் எண்களைப் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை. அதைச் செய்துவிட்டால் மேலே சொன்ன உரசலில் பெரும்பகுதி கடை வாசலிலேயே நின்றுவிடும். மிச்சத்தைப் பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்தால் தெரிந்துவிடும்.